வீட்டுக்குப் பின்னால் பில்போர்டு: நகரம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

கேள்வி: அமெரிக்காவில் ஒரு புறநகர் ஊரில் வீடு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வணிக மனை, அதைத் தாண்டி இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை. அந்த மனையில் டிஜிட்டல் பில்போர்டு வைக்க ஒரு விளம்பர நிறுவனம் விண்ணப்பித்திருப்பதாக நகர அலுவலகத்திலிருந்து தபால் வந்திருக்கிறது. நகரம் இதை மறுக்க முடியுமா? அடுத்த மாதம் நடக்கும் விசாரணைக் கூட்டத்தில் நாங்கள் என்ன பேச வேண்டும்?

பதில்:

மறுக்க முடியும். ஆனால் என்ன காரணம் சொல்லி மறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த மறுப்பு நிற்கும், அல்லது விழும். நான் ஒரு புறநகர் ஊரின் பிளானிங் கமிஷனில், அதாவது நில உபயோக விண்ணப்பங்களை விசாரிக்கும் நகரக் குழுவில், பல வருடம் இருந்தவன். எங்களிடம் வந்த முதல் பில்போர்டு விண்ணப்பத்தை, அரங்கு நிறைய வந்திருந்த எதிர்ப்பைப் பார்த்து, ஒருமனதாக நிராகரித்தோம். தீர்மானத்தில் நாங்கள் எழுதிய காரணம், குடும்பங்கள் வாழும் ஊருக்குப் பொருந்தாத விளம்பரங்கள் வரக்கூடும் என்பது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறுவனம் நீதிமன்றம் போனது. கடைசியில் நகரம் சமரசத்துக்கு இறங்கி வந்து பலகைக்குச் சம்மதித்தது. நாங்கள் விதிக்க நினைத்திருந்த நிபந்தனைகளில் பாதிகூட அந்தச் சமரசத்தில் மிஞ்சவில்லை. அன்று கைதட்டியவர்களின் படுக்கையறைகளில்தான் இன்றும் அந்த வெளிச்சம் விழுகிறது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பலகை எந்த இடத்தில் நிற்கலாம், எவ்வளவு பெரிதாக, எவ்வளவு உயரமாக இருக்கலாம், எவ்வளவு வெளிச்சம் விடலாம் என்றெல்லாம் நகரம் கட்டுப்படுத்தலாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் மட்டும் கை வைக்க முடியாது. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் குறுக்கே நிற்கும். கீழே நான் சொல்லும் வழக்குகள், நிபந்தனைகள் எல்லாமே இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான் வரும்.

சரி, முதலில் அந்தத் தபாலை எடுத்து இன்னொரு தடவை படியுங்கள். உங்கள் ஊர் விதிகளில் பில்போர்டு அந்த மனையில் தானாகவே அனுமதிக்கப்பட்டதாக இருந்தால் உங்களுக்குத் தபாலே வந்திருக்காது. கட்டட அனுமதி கவுன்டரிலேயே கையெழுத்தாகி வேலை முடிந்திருக்கும். கூட்டம் வைக்கிறார்கள் என்றால் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நிறுவனம் விதியையே, அல்லது அந்த மனையின் மண்டலத்தையே (வீடு, வணிகம், தொழில் என்று நிலத்தைப் பிரிக்கும் வகை) மாற்றச் சொல்லிக் கேட்கிறது. அல்லது இருக்கிற விதிக்குள்ளேயே நிபந்தனையோடு கூடிய அனுமதி கேட்கிறது. அல்லது உயரத்துக்கோ இடைவெளிக்கோ விதிவிலக்கு கேட்கிறது. எது என்பது தபாலின் முதல் பத்தியிலேயே இருக்கும்.

இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பெரியது. விதியை மாற்றச் சொல்லிக் கேட்டால் முடிவெடுப்பது நகர மன்றம். அது சட்டம் இயற்றும் வேலை, அதனால் அவர்களுக்கு நிறையச் சுதந்திரம் உண்டு. ஊரின் தோற்றம் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நிபந்தனை அனுமதி அப்படியல்ல. அங்கே கமிஷன் ஏறக்குறைய ஒரு நீதிபதியின் இடத்தில் இருக்கிறது. விதியில் நாலோ ஐந்தோ அளவுகோல்கள் எழுதியிருக்கும். அவற்றை விண்ணப்பம் நிறைவேற்றினால் கொடுக்க வேண்டும், நிறைவேற்றாவிட்டால் மறுக்கலாம். எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. விதிவிலக்கு கேட்கிறார்கள் என்றால் நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். மனையின் வடிவமோ சரிவோ விதிப்படி எதையும் செய்யவிடாத அளவுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். பலகை இன்னும் உயரமாக இருந்தால் வருமானம் கூடும் என்பது இடைஞ்சல் ஆகாது. கூட்டத்தில் இதை யாராவது எழுந்து நிதானமாகச் சொல்ல வேண்டும். பல கமிஷன் உறுப்பினர்களுக்கே இது மறந்துவிடும்.

அப்புறம், உங்கள் நகரத்துக்கு மேலே மாநிலமும் மத்திய அரசும் இருக்கின்றன. 1965 அக்டோபரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட நெடுஞ்சாலை அழகுபடுத்தல் சட்டம், இன்டர்ஸ்டேட் போன்ற பெரிய சாலைகளின் எல்லைக் கோட்டிலிருந்து 660 அடிக்குள் நிற்கும் பலகைகளைக் கட்டுப்படுத்துகிறது. வணிக, தொழில் மண்டலங்களில் மட்டும் பலகைகளை அனுமதிக்கிறது. அளவு, இடைவெளி, விளக்கு ஆகியவற்றை மாநிலமும் மத்திய அரசும் பேசி முடிவு செய்துகொள்கின்றன. ஒழுங்காகக் கட்டுப்படுத்தாத மாநிலத்துக்கு மத்திய நெடுஞ்சாலை நிதியில் 10 சதவீதம் வெட்டு. இதனால் உங்களுக்கு என்ன பயன் என்றால், நகரம் சரி என்றாலும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் பலகைக்கும் இதற்கும் நடுவில் மாநிலம் கேட்கும் இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பல மாநிலங்கள் 500 அடியாவது கேட்கும், டிஜிட்டலுக்கு அதைவிட அதிகம் கேட்கும் மாநிலங்களும் உண்டு. வெர்மான்ட், மெய்ன், ஹவாய், அலாஸ்கா ஆகிய நான்கு மாநிலங்களில் பில்போர்டே கூடாது. வெர்மான்ட் 1968லேயே சட்டம் போட்டுவிட்டது.

இன்னொன்றையும் பாருங்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை. பலகை வைப்பதற்காகவே நெடுஞ்சாலையோரத் துண்டு நிலத்தை வணிக மண்டலமாக மாற்றினால், அதை உண்மையான மண்டல மாற்றமாக மத்திய விதிகள் ஏற்பதில்லை. ஊர் முழுவதற்குமான திட்டத்தின் ஒரு பகுதியாக அந்த மாற்றம் வந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மனை எப்போது, எதற்காக வணிக மண்டலமானது என்று நகர அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். சமீபத்தில் தனியாக மாற்றியிருந்தால் அந்தக் கோப்பைக் கட்டாயம் படியுங்கள்.

இப்போது நீதிமன்றங்களுக்கு வருகிறேன். இந்தச் சட்டத்தின் பெரிய பகுதி புறநகர் ஊர்களின் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மண்டலப் பிரிப்பே செல்லும் என்று 1926ல் உச்ச நீதிமன்றம் சொன்னது கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில். நியூ ஜெர்சியில் வில்லிங்பரோ என்ற ஊர், வெள்ளையர்கள் பயந்து வீடுகளை விற்றுவிட்டுப் போவதைத் தடுக்க, 'விற்பனைக்கு' என்ற பலகையையே தடை செய்தது. நோக்கம் நல்லதாக இருக்கலாம், ஆனால் உண்மையான ஒரு தகவலை மக்களிடமிருந்து மறைக்க முடியாது என்று 1977ல் அந்தத் தடை விழுந்தது. செயின்ட் லூயிஸ் அருகே லடூ என்ற ஊரில் ஒரு பெண்மணி, வளைகுடாவில் அமைதி வேண்டும் என்று ஒரு காகிதத் தாள் அளவுக்குத் தன் வீட்டு ஜன்னலில் எழுதி ஒட்டினார். ஊர் அதைத் தடுக்கப் பார்த்தது. 1994ல் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். பில்போர்டுக்கு எதிராகப் பேசும் நாமும் நம் ஜன்னலில் ஒரு தாளை ஒட்டும் உரிமையை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

இவற்றிலெல்லாம் இன்றைக்கு அதிகம் பேசப்படுவது கில்பர்ட் வழக்கு. ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சின்னத் திருச்சபை, ஞாயிறு வழிபாடு எங்கே நடக்கிறது என்று வழிகாட்டும் தட்டிகளைச் சாலையோரம் வைத்தது. ஊரின் விதி தட்டிகளை வகை வகையாகப் பிரித்திருந்தது. கொள்கை சொல்லும் தட்டி 20 சதுர அடி வரை இருக்கலாம். தேர்தல் தட்டி சில இடங்களில் 32 சதுர அடி வரை. நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் தட்டிக்கோ 6 சதுர அடிதான். அதையும் நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்பிருந்து, முடிந்து ஒரு மணி நேரம் வரைதான் வைக்கலாம். 2015ல் உச்ச நீதிமன்றம் இந்த விதியை ஒருமனதாக ரத்து செய்தது. எந்த விதி பொருந்தும் என்று கண்டுபிடிக்கத் தட்டியில் இருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தால் அது உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தும் விதி, அதற்கு மிகக் கடுமையான சோதனை உண்டு என்றது. அதற்கப்புறம் நாடு முழுக்க நகரங்கள் தங்கள் பலகை விதிகளைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. உங்கள் ஊர் திருத்தியதா என்று பாருங்கள். விதித்தொகுப்பில் 'அரசியல் தட்டி', 'மதத் தட்டி', 'வீடு விற்பனைத் தட்டி' என்று தனித்தனி அளவுகள் இன்னும் இருந்தால் 2015க்கு முந்தைய விதி அப்படியே கிடக்கிறது என்று அர்த்தம்.

அது ஏன் உங்களுக்கு ஆபத்து என்று சொல்கிறேன். பில்போர்டு நிறுவனங்களின் வக்கீல்கள் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். விண்ணப்பம் மறுக்கப்பட்டதும், இந்த ஊரின் பலகை விதி மொத்தமும் அரசியலமைப்புக்கு விரோதம், அதனால் நாங்கள் விண்ணப்பித்த நாளில் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்று வாதிடுவார்கள். சர்ச் தட்டியைப் பற்றிய ஒரு பிழை, 14 அடிக்கு 48 அடிப் பலகைக்குக் கதவைத் திறந்துவிடக்கூடும். ஆகவே நகர வக்கீலிடம் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். வணிக விளம்பரம் வைக்கலாம் என்று சொல்லும் இடத்திலெல்லாம் வணிகம் அல்லாத செய்தியும் வைக்கலாம் என்ற மாற்றுப் பிரிவு நம் விதியில் இருக்கிறதா? ஒரு பகுதி செல்லாமல் போனாலும் மற்றவை நிற்கும் என்ற பிரிவு இருக்கிறதா? முதல் பிரிவு சான் டியாகோ வழக்கின் பாடம். தன் கடைக்கான விளம்பரத்தைக் கடைக்காரர் தன் இடத்திலேயே வைக்க அந்த நகரம் அனுமதித்தது, ஆனால் அதே இடத்தில் வணிகம் அல்லாத கருத்து ஒன்றை வைக்க வழியில்லாமல் செய்துவிட்டது. 1981ல் அதனால்தான் தோற்றது. அதே வழக்கில் சாலைப் பாதுகாப்பும் ஊரின் தோற்றமும் பலகைகளைக் கட்டுப்படுத்தப் போதுமான காரணங்கள் என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் ஊர் சாய்ந்து நிற்கக்கூடிய சுவர் அதுதான்.

கடை இருக்கும் இடத்திலேயே அதன் பலகை, வேறு எங்கோ இருக்கும் பொருளுக்கு இங்கே பலகை என்று பிரிப்பதே உள்ளடக்கத்தைப் பார்ப்பதுதானே என்று கில்பர்ட்டுக்குப் பிறகு வாதம் கிளம்பியது. அது ஜெயித்திருந்தால் பில்போர்டு விதிகள் பெரும்பாலும் சரிந்திருக்கும். 2022ல் ஆஸ்டின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பலகையைப் படித்தாலும், பார்ப்பது இடத்தைத்தான் என்று சொன்னது. அதிலும் கேள்வி டிஜிட்டல் பலகைகளைப் பற்றியதுதான். அதனால் இருக்கும் வேறிடப் பலகைகளை டிஜிட்டலாக மாற்றக் கூடாது என்று நகரங்கள் விதி போட இன்று இடம் இருக்கிறது.

உங்கள் விதியில் 'ஊரின் நலனுக்கு உகந்ததாக இருந்தால்' போன்ற தொளதொளப்பான அளவுகோல் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி கொடுப்பவருக்குக் கட்டற்ற அதிகாரம் கொடுக்கும் விதி செல்லாது என்பதை 1988ல் லேக்வுட் வழக்கு நிலைநாட்டியது. லேக்வுட்டும் கிளீவ்லாந்தின் புறநகர்தான். அங்கே பிரச்சினை நடைபாதையில் வைக்கும் செய்தித்தாள் பெட்டிகள், ஆனால் பேச்சுரிமை சம்பந்தப்பட்ட எந்த அனுமதிக்கும் அது பொருந்தும்.

இனி டிஜிட்டல் பலகை. நெடுஞ்சாலையில் நீங்கள் பார்க்கும் பெரிய பலகையின் வழக்கமான அளவு 14 அடிக்கு 48 அடி, 672 சதுர அடி. டிஜிட்டலில் ஒரு படம் 8 விநாடி நின்று மாறினால், எட்டு விளம்பரதாரர்கள் 64 விநாடியில் ஒரு சுற்று வருவார்கள். நாள் முழுக்க ஓடினால் 10,800 மாற்றங்கள். ஒரே கம்பத்தில் எட்டு வாடகை என்பதால்தான் நிறுவனங்கள் இதற்காக இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கின்றன, நகரத்தோடு பேரம் பேசவும் தயாராக வருகின்றன. அதை நினைவில் வைத்துக்கொண்டு நிபந்தனை கேளுங்கள். உங்கள் கையும் பலமானதுதான்.

மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2007ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு படம் 4 முதல் 10 விநாடி வரை நிற்கலாம், 8 விநாடி நல்லது என்றது. மணிக்கு 65 மைல் போகும் கார் 8 விநாடியில் சுமார் 760 அடி ஓடிவிடும். பலகை 1,500 அடி தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது என்றால் ஓட்டுநர் இரண்டு முறை படம் மாறுவதைப் பார்ப்பார். படம் நிற்கும் நேரத்தைக் கூட்டினால் மாற்றங்கள் குறையும். உள்ளடக்கத்தைத் தொடாமல் பாதுகாப்பை மட்டும் பேசும் வாதம் இது, கூட்டத்தில் நன்றாக எடுபடும்.

வெளிச்சத்தில்தான் புறநகர்வாசிகள் ஏமாந்துபோகிறார்கள். தொழில் துறை சொல்லும் அளவு, சுற்றுப்புற வெளிச்சத்தைவிட 0.3 ஃபுட்கேண்டிலுக்கு (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது என்பது. 14க்கு 48 பலகைக்கு அதை 250 அடி தூரத்தில் நின்று அளப்பார்கள். நகர அலுவலர்கள் இதை அப்படியே விதியில் எழுதிவிடுவார்கள். ஆனால் அது காரில் போகிறவரின் கண் கூசாமல் இருப்பதற்கான அளவு. படுக்கையறை ஜன்னலுக்கு அது போதாது. 500 அடிக்குப் போனால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்பது கணக்கு. அந்த நாலில் ஒன்றும் முழுநிலா வெளிச்சத்தைவிட அதிகம், அதோடு 8 விநாடிக்கு ஒருமுறை நிறம் மாறும். ஆகவே அளவை நெடுஞ்சாலைப் பக்கமிருந்து எடுக்காமல், உங்கள் மனை எல்லையில் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை கேளுங்கள். இரவு 11 மணியிலிருந்து காலை 6 மணி வரை அணைக்கச் சொல்லுங்கள். பொழுது சாயச் சாயத் தானாக மங்கும் கருவி, பழுதானால் திரை கறுப்பாகிவிடும் ஏற்பாடு, வருடம் ஒருமுறை வெளியாள் அளந்து கொடுக்கும் சான்று ஆகியவற்றையும் கேளுங்கள். இவற்றில் எதையும் பேச்சுரிமை மீறல் என்று எதிர்ப்பது கஷ்டம்.

உயரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சில ஊர் விதிகளில் உயரம் மனையின் தரையிலிருந்து அளக்கப்படுவதில்லை, சாலையின் மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. மேம்பாலம் 25 அடி மேலே போனால் 50 அடி என்பது உங்கள் வேலிப் பக்கத்திலிருந்து 75 அடி. V வடிவத்தில் இரண்டு முகம் இருந்தால் உங்கள் பக்கம் திரும்பும் முகத்தின் கோணத்தையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பேரமும் வரலாம். ஊருக்குள் இருக்கும் ஐந்தாறு பழைய பலகைகளை எடுத்துவிடுகிறோம், பதிலுக்கு நெடுஞ்சாலையில் ஒரு டிஜிட்டல் கொடுங்கள் என்பார்கள். இதை உடனே ஒதுக்க வேண்டாம். பழைய விதியின் கீழ் சட்டப்படி நின்ற பலகையைக் கட்டுப்படுத்தப்பட்ட நெடுஞ்சாலையோரத்திலிருந்து எடுக்க வைத்தால் 1965 சட்டப்படி இழப்பீடு கொடுக்க வேண்டும். நகரம் தன் சொந்த விதியைக் காட்டி எடுக்க வைத்தாலும் 1978 திருத்தத்துக்குப் பிறகு அதேதான். சின்ன ஊர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. அதனால் மாற்றிக்கொள்வதுதான் பழைய பலகைகளை இறக்க நடைமுறையில் இருக்கும் வழி. ஆனால் ஒப்பந்தத்தில் எந்த முகவரியில் உள்ள எந்தப் பலகை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். புதிய பலகைக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் பழையவை இறங்கியிருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வருடக் கணக்கில் இழுத்தடிக்க வாய்ப்பு கொடுத்ததாகிவிடும். என்னைக் கேட்டால், பேரத்தில் லாபம் ஊருக்கும் வெளிச்சம் உங்கள் தெருவுக்கும் என்று ஆகும்போது, உங்கள் தெருவுக்கென்று தனி நிபந்தனை கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கூட்டத்தில் பேசுவதற்குப் பெரும்பாலும் தலைக்கு 3 நிமிடம்தான் கிடைக்கும். பத்துப் பேர் வந்து ஒரே விஷயத்தைச் சொல்லாதீர்கள், பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் விதியின் அளவுகோல்களை எண் சொல்லிப் படித்து, எது நிறைவேறவில்லை என்று காட்டட்டும். இன்னொருவர் இரவில் தன் ஜன்னலிலிருந்து எடுத்த படங்களைக் கொடுக்கட்டும். முன்கூட்டியே நிறுவனத்திடம், குறிப்பிட்ட உயரத்துக்கு ஒரு கிரேனைத் தூக்கிக் காட்டச் சொல்லி நகர அலுவலர் மூலமாகக் கேளுங்கள். நேர்மையாக வேலை செய்கிற நிறுவனம் ஒத்துக்கொள்ளும். வரைபடத்தில் சாதுவாகத் தெரிந்த பலகை அன்று எங்கே வந்து நிற்கிறது என்று கமிஷன் உறுப்பினர்கள் கண்ணால் பார்ப்பார்கள். வீட்டின் விலை விழும் என்று சொல்வதானால் மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் பயம் என்று ஒதுக்கப்படும். மதுபானம், வக்கீல் விளம்பரம், கஞ்சாக் கடை, அரசியல் என்று பலகையில் என்ன வரும் என்பதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கக் கூடாது. மனசு கொதித்தாலும் கூடாது. அந்த வார்த்தைகள் கூட்டக் குறிப்பில் ஏறி, நாளைக்கு நிறுவனத்தின் மனுவில் முதல் பக்கத்தில் வந்து நிற்கும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

இந்த விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்றச் சொல்லலாமா என்றும் கேட்பீர்கள். கேட்கலாம், ஆனால் புதிய விதி இந்த விண்ணப்பத்தைத் தடுக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் முழுமையான விண்ணப்பம் கொடுத்த நாளின் விதிதான் பொருந்தும். வேறு சிலவற்றில் அனுமதி வாங்கி வேலையைக் கணிசமாகத் தொடங்கிய பிறகுதான் அந்த உரிமை கிடைக்கும். இதை உங்கள் மாநிலத்தில் நில உபயோகச் சட்டம் பார்க்கும் வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள், தெருவில் எல்லாருமாகச் சேர்ந்து கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அவரிடமே மேல்முறையீட்டுக் கெடுவையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊரைப் பொறுத்து அது முடிவு வந்ததிலிருந்து 10 நாளாகக்கூட இருக்கலாம். நாளை எண்ணுவது கமிஷன் ஓட்டுப் போட்ட இரவிலிருந்தா, எழுத்தில் முடிவு வெளியான நாளிலிருந்தா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கூட்டத்தில் பேசியதை எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வைத்திருங்கள். கூட்டத்தில் எழுப்பாத ஆட்சேபத்தை மேல்முறையீட்டில் எழுப்பப் பல இடங்களில் விடமாட்டார்கள்.